பின்நவீனத்துவத்துக்கு வரையறை எழுதுவது எப்படி? புதுவை, கடலூர் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வுத் தலைப்பில் பின்நவீனத்துவம் என்ற சொல்லைப் போட்டுவிட்டால் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும்: "சரி, பின்நவீனத்துவம்னா என்ன? நாலு வரியில சொல்லுங்க." கேட்பவர் உங்கள் நெறியாளராக இருக்கலாம், டி.சி. மீட்டிங்குக்கு, அதாவது உங்கள் ஆய்வைக் கண்காணிக்கும் முனைவர் பட்டக் குழுவின் கூட்டத்துக்கு, வந்த வெளித்துறைப் பேராசிரியராக இருக்கலாம். நாலு வரி வராது. நிறையப் படித்தவருக்கு இன்னும் வராது, ஏனென்றால் படித்தவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். என் ஆய்வேட்டில் மற்ற இயல்கள் எல்லாம் நகர்ந்தபோது, வரையறை இருந்த முதல் இயல் மட்டும் திருத்தத்துக்கு வந்துகொண்டே இருந்தது. எப்படி எழுதினால் நிற்கும் என்று சொல்ல அப்போது ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் முதலில் பயன்படுத்தினார் என்பதெல்லாம் இங்கே வராது. எந்த அறிமுக நூலிலும் அது கிடைக்கும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்நவீனத்துவம் முழுவதற்குமான வரையறையை நீங்கள் எழுத வேண்டியதில்லை. உங்கள் ஆய்வில் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்காது என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு பக்கத்துக்காகத்தான்.

1. முதலில் படைப்பு, பிறகு வரையறை

பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கோட்பாட்டு நூல்களை ஆறு மாதம் படித்துவிட்டு, அதற்குப் பொருத்தமான நாவலைத் தேடுகிறார்கள். நீங்கள் ஆராயப்போகும் படைப்பை முதலில் முடிவு செய்யுங்கள். அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள். அந்த இரண்டு பக்கத்தில் பின்நவீனத்துவம் என்ற சொல் ஒரு இடத்திலும் வரக்கூடாது. கதைசொல்லி நடுவில் வந்து தன் கதையையே சந்தேகிக்கிறாரா? தெரிந்த வரலாற்றை வேறு வாயால் சொல்கிறாரா? எது உண்மை உலகம், எது எழுதப்பட்ட உலகம் என்று வாசகருக்கே குழம்புகிறதா? உங்களை உறுத்திய விஷயத்தைச் சாதாரணத் தமிழில் எழுதுங்கள்.

எழுதியபின் பாருங்கள். சொல்ல வேண்டியது எல்லாம் அந்தச் சொல் இல்லாமலே சொல்லியாகிவிட்டது என்றால், தலைப்பிலிருந்து அதை எடுத்துவிடுவது நல்லது. பதிவுக்கு முன்னால் தலைப்பை மாற்ற நெறியாளரிடம் பேசினால் போதும். பதிவுக்குப் பின் என்றால் விண்ணப்பம், குழுவின் ஒப்புதல், அலுவலக ஆணை என்று இழுக்கும்.

2. காலமா, கலைப்பாணியா, சிந்தனையா?

ஒரே சொல்லை மூன்று பேர் மூன்று பொருளில் பயன்படுத்துகிறார்கள். ஒருவருக்கு அது ஒரு காலகட்டம். இன்னொருவருக்குக் கட்டடத்திலும் நாவலிலும் தெரியும் ஒரு பாணி. மூன்றாமவருக்கு அறிவு, உண்மை, முன்னேற்றம் பற்றிய ஒரு சந்தேகம். உங்களுடையது எது என்று முடிவு செய்து நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு பத்தியில் காலமாகத் தொடங்கி அடுத்த பத்தியில் பாணியாக மாறிவிட்டால், படிக்கிறவர் சிவப்பு மையை எடுத்துவிடுவார்.

இங்கேயே இன்னொரு பொறி. பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் ஃபூக்கோ, தெரிதா பெயர்களைப் பின்நவீனத்துவவாதிகள் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். இருவரும் அந்த அடையாளத்தை ஏற்றுக்கொண்டவர்கள் அல்லர். 1983இல் ஒரு நேர்காணலில் பின்நவீனத்துவம் பற்றிக் கேட்டபோது, எதை அப்படி அழைக்கிறார்கள், எனக்கு அண்மை நிலவரம் தெரியாது என்ற பொருளில் ஃபூக்கோ பதில் சொன்னார். கட்டுடைப்பு (பிரதி தன்னோடு தானே முரண்படும் இடங்களைத் தேடும் வாசிப்பு), பின்அமைப்பியல் (மொழியில் பொருள் நிலையாக நிற்பதில்லை என்ற சிந்தனை), பின்நவீனத்துவம் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டும் வழக்கம் தமிழ் ஆய்வேடுகளில் அதிகம். உங்களுக்கு மூன்றும் தேவைப்பட்டால் மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி கொடுங்கள்.

3. ஒரே ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

வேலையில் பாதி இதுதான், அவசரப்பட வேண்டாம். எட்டு அறிஞர்களின் எட்டு வரையறைகளை வரிசையாக அடுக்கி, "இவற்றால் பின்நவீனத்துவத்தை வரையறுப்பது கடினம் என அறியலாம்" என்று முடிக்கும் இயல் எதற்கும் உதவாது. ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியத்தில் 2005இல் வந்த கட்டுரையின் முதல் வாக்கியமே, பின்நவீனத்துவத்தை வரையறுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்றுதான் தொடங்குகிறது. அதோடு நிற்காமல், அடுத்த வாக்கியத்திலேயே அதை எப்படி விவரிக்கலாம் என்று சொல்கிறது. முடியாது என்பதை நீங்களும் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

யாரைப் பிடிப்பது?

லியோதார், பிரெஞ்சுத் தத்துவவாதி. அவருடைய "பின்நவீன நிலை" என்ற நூல், பிரெஞ்சில் 1979, ஆங்கிலத்தில் 1984. கனடாவின் கியூபெக் மாகாண அரசின் பல்கலைக்கழகக் குழு கேட்டு எழுதிய அறிக்கை அது. கணினி வந்தபின் அறிவுக்கு என்ன ஆகிறது என்பதுதான் பொருள், நாவல் அல்ல. பெருங்கதையாடல்கள், அதாவது முன்னேற்றம், விடுதலை என்று எல்லாவற்றையும் ஒரே பெரிய கதையாக விளக்குபவை, அவற்றின் மீதான நம்பிக்கையின்மை என்ற புகழ்பெற்ற வரி இதில்தான் வருகிறது. அந்த வரிக்கு முன்னால் அவர், மிக மிக எளிமைப்படுத்திச் சொல்வதானால் என்று ஒரு எச்சரிக்கை போட்டிருக்கிறார். தமிழில் மேற்கோள் காட்டும்போது அந்த எச்சரிக்கை பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. நீங்கள் உதிர்க்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. ஆங்கிலப் பதிப்பின் கடைசியில் 1982இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் அவர், ஒரு படைப்பு முதலில் பின்நவீனமாக இருந்தால்தான் நவீனமாக முடியும் என்கிறார். அதாவது நவீனம் முடிந்தபின் வருவது பின்நவீனம் என்ற கணக்கையே கலைக்கிறார். எந்த லியோதார் என்று ஆண்டோடு சொல்லாவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஜேம்சன், அமெரிக்க மார்க்சிய விமர்சகர். 1984இல் நியூ லெஃப்ட் ரிவ்யூ இதழில் வந்த கட்டுரை, பின் 1991இல் பெரிய புத்தகம். பின்நவீனத்துவம் என்பது பிந்தைய முதலாளியத்தின் பண்பாட்டுத் தர்க்கம் என்பவர். உங்கள் படைப்பு சந்தை, விளம்பரம், நகரம், பழைய காலத்து ஏக்கம் பற்றியது என்றால் இவர் பொருந்துவார். புத்தகம் மிரட்டும் பருமன். கட்டுரை நாற்பது பக்கம்தான். கட்டுரையிலிருந்தே தொடங்குங்கள்.

லிண்டா ஹட்சியன், கனடிய இலக்கிய விமர்சகர், 1988இல் வந்த நூல். வரலாற்றை எடுத்துக்கொண்டு, இது எழுதப்பட்ட வரலாறுதான் என்று தானே காட்டிக்கொடுக்கும் நாவல்களை வரலாற்று மீபுனைவு என்றார். தமிழ் நாவலில் வேலை செய்கிறவர்களுக்கு இவரைத்தான் நான் முதலில் சொல்வேன். புனைகதை பற்றியே பேசுகிறார் என்பதால், அறிவு பற்றிய ஒரு அறிக்கையிலிருந்து நாவலுக்கு எப்படித் தாவினீர்கள் என்ற கேள்வி எழாது.

பிரையன் மெக்ஹேல், இலக்கிய ஆய்வாளர், 1987இல் வந்த நூல். நவீனத்துவ நாவல் இந்த உலகை எப்படி அறிவது என்று கேட்கிறது, பின்நவீனத்துவ நாவல் இது எந்த உலகம் என்று கேட்கிறது என்பது அவர் கோடு. சொல்லவும் சோதிக்கவும் எளிது. மாய உலகங்கள் வரும் படைப்புக்குச் சரியாக உட்காரும்.

விமர்சகர் இஹாப் ஹசனின் ஒப்பீட்டு அட்டவணையை எல்லோரும் அப்படியே நகலெடுப்பார்கள், இடது பக்கம் நவீனத்துவம், வலது பக்கம் பின்நவீனத்துவம் என்று. அந்த எதிர்வுகள் உறுதியானவை அல்ல, இரட்டைப் பொருள் உடையவை என்று அவரே கீழே எழுதியிருக்கிறார். அட்டவணை வேண்டுமென்றால் அந்த வரியும் வேண்டும். அட்டவணை இல்லாமலே எழுதுவது இன்னும் நல்லது.

ஒருவரை எடுத்தபின், அவரை மறுக்கும் ஒருவரையும் எடுங்கள். ஜெர்மானியத் தத்துவவாதி ஹேபர்மாஸ் 1980இல் அடோர்னோ பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், நவீனம் இன்னும் முடியாத ஒரு திட்டம் என்றார். சிறிய உரைதான், ஒரு மாலையில் படித்துவிடலாம்.

4. கூறுகளின் பட்டியல் என்ற பொறி

"சிதறல், நேர்கோடற்ற கதை, கதைக்குள் கதை, பகடி, பிரதிகளின் ஊடாட்டம்..." இப்படி ஒரு பட்டியல் போட்டு, நாவலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எடுத்துக்காட்டு தேடி டிக் போடுவது எளிது. விக்கிரமாதித்தன் கதையை அந்தப் பட்டியலில் வைத்துப் பாருங்கள். சிம்மாசனத்துப் பதுமை கதை சொல்லும், அதற்குள் வேதாளம் வந்து கதை சொல்லும், கதை முடிந்ததும் கேட்டவனிடமே கேள்வி கேட்கும். மணிமேகலையில் கிளைக்கதைகள் எத்தனை! பட்டியல்படி இவையெல்லாம் பின்நவீனத்துவம் ஆகிவிடும். ஆகட்டும், எல்லாக் காலத்துக்கும் ஒரு பின்நவீனத்துவம் உண்டு என்று வாதிடவும் இடம் இருக்கிறது, இத்தாலிய நாவலாசிரியர் உம்பர்த்தோ ஈகோ அப்படித்தான் சொன்னார். ஆனால் அதைத் தெரிந்தே சொல்ல வேண்டும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வேறொருவர் விக்கிரமாதித்தனை எடுத்து நீட்டும்போது விழிக்கக்கூடாது.

பட்டியலில் உள்ள ஒரு உத்தி எதற்காக வருகிறது என்று கேளுங்கள். வேதாளத்தின் கதைகள் அரசனின் நீதியைச் சோதித்து, கடைசியில் அதை உறுதிப்படுத்துகின்றன. உங்கள் நாவலில் கதைக்குள் கதை வருவது எதையாவது உறுதிப்படுத்தவா, உறுதியைக் குலைக்கவா? உங்கள் வரையறை பேச வேண்டியது இதை.

5. வரையறையைத் தெருவில் நிறுத்திச் சோதியுங்கள்

புதுவைக்காரர்களுக்கும் கடலூர்க்காரர்களுக்கும் கிடைத்திருக்கும் வசதி இது. ஒரு காலையில் புதுவை அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக்கு எதிர்ப்புறம் போய் நில்லுங்கள். உள்ளே போக அனுமதி வேண்டும், தெருவிலிருந்து பார்த்தாலே போதும். 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கி, அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கான்கிரீட் கட்டடம். இந்தியாவின் ஆரம்பகால நவீனத்துவக் கட்டடங்களில் ஒன்று. சுவர் முழுக்கக் கிடைமட்டப் பலகைகள், திருகினால் திறக்கும், மூடும். காற்று வர வேண்டும், வெயில் வரக்கூடாது என்பதற்கு அந்த வடிவம். ஒட்டவைத்த அலங்காரம் எதுவும் இல்லை. நவீனத்துவம் என்றால் என்ன என்று இங்கே கண்ணால் பார்த்துவிடலாம், பிறகு புத்தகத்தில் படிக்கும்போது ஏறும்.

அப்புறம் நாலு தெரு நடங்கள். வெள்ளை நகரத்தில், அதாவது பழைய பிரெஞ்சுப் பகுதியில், அண்மையில் கட்டிய ஏதாவது ஒரு ஹோட்டல் முன் நில்லுங்கள். உள்ளே கான்கிரீட் சட்டகம், ஏ.சி. குழாய்கள். வெளியே கடுகு மஞ்சள், வெள்ளைக் கரை, வளைவு, பழைய மரக்கதவு போன்ற கதவு, பிரெஞ்சில் ஒரு பெயர்ப்பலகை. இது பின்நவீனத்துவமா?

ஜேம்சனைக் கேட்டால் ஆம் என்பார். வரலாறு கழன்றுபோய் அதன் தோல் மட்டும் மிஞ்சிய பாணி, சிரிப்பில்லாத பகடி, அதைத்தான் அவர் பாஸ்டிஷ் என்றார். கட்டடக்கலை விமர்சகர் சார்லஸ் ஜெங்க்ஸ், கட்டடம் பொதுமக்களிடம் ஒரு மொழியும் துறை தெரிந்தவர்களிடம் இன்னொரு மொழியும் பேசுகிறதா என்று பார்ப்பார். இந்த ஹோட்டல் சுற்றுலாப் பயணியிடம் மட்டும் பேசினால் அவர் தயங்குவார். ஹட்சியன் இல்லை என்பார். காலனியக் கடந்தகாலத்தை இது கேள்வி கேட்கவில்லை, விற்கிறது. 1982இன் லியோதாருக்கோ இப்படி எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக் கலப்பதே பிடிக்காது. கலப்படத்துக்குப் பணம் மட்டுமே அளவுகோல் என்று அந்தக் கட்டுரையில் சாடியிருக்கிறார்.

ஒரே சுவர், நாலு பதில். உங்கள் வரையறை இந்தச் சுவருக்கு என்ன பதில் தருகிறது என்று அங்கேயே நின்று எழுதுங்கள். பதிலே தரவில்லை என்றால் அது இன்னும் வரையறை ஆகவில்லை. எனக்கு இந்தத் துறையில் எந்த வகுப்பையும்விட அந்த நாலு தெரு அதிகம் கற்றுக்கொடுத்தது.

6. நூலகம், கடிதம், பஸ்

எடுத்துப்போக வேண்டியவை: துறைத் தலைவர் கையெழுத்திட்ட போனஃபைடு சான்றிதழ், நெறியாளரின் அறிமுகக் கடிதம், ஆதார் நகல், இரண்டு பாஸ்போர்ட் போட்டோ, ஆய்வுச் சுருக்கத்தின் ஒரு பிரதி. ஒவ்வொரு நூலகத்துக்கும் விதி வேறு. வெளி மாணவர் என்றால் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிட்டுப் போங்கள். கடிதத்தில் "தொடர்புடைய நூல்கள்" என்று பொதுவாக எழுதாமல் எந்தெந்த நூல் என்று பெயர் போட்டு வாங்குங்கள், கவுன்டரில் வேலை சீக்கிரம் முடியும்.

ஆங்கிலக் கோட்பாட்டு நூல்களுக்குக் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆனந்த ரங்கப்பிள்ளை நூலகம். கடலூரிலிருந்து வருகிறவர்கள் புதுவை பஸ் நிலையத்தில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் பஸ்ஸில் மாற வேண்டும். போக வர அரை நாள் போய்விடும் என்பதால் காலையிலேயே கிளம்புங்கள். ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டும் புதுச்சேரி அரசு விடுமுறை நாட்கள். தமிழ்நாட்டு நாட்காட்டியை மட்டும் பார்த்துக் கிளம்பாமல், நூலகம் அன்று திறந்திருக்குமா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

சமகாலத் தமிழ் குறித்த நூல்களுக்குப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தையும் விசாரியுங்கள். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், தமிழில் பின்நவீனத்துவம் 1990களில் சிறுபத்திரிகைகள் வழியாகத்தான் பேசப்பட்டது. நிறப்பிரிகை போன்ற இதழ்களில் அது தலித் அரசியல், விளிம்புநிலை, மார்க்சியம் மீதான விமர்சனம் ஆகியவற்றோடு பின்னிக் கிடந்தது. பாரிஸிலும் அமெரிக்காவிலும் அந்தச் சொல் செய்த வேலை வேறு, இங்கே செய்த வேலை வேறு. மேற்கத்திய வரையறையோடு நின்றுவிடும் ஆய்வேடு, தமிழ் வாசகர்கள் அந்தச் சொல்லுக்காக ஏன் அவ்வளவு சண்டை போட்டார்கள் என்பதை விளக்காமலே போய்விடும். அந்த விவாதத்திலிருந்து ஒரு கட்டுரையையாவது நேரடியாகப் படித்து மேற்கோள் காட்டுங்கள்.

பழைய ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா தளம், இலவசம். மற்றவர்கள் எப்படி வரையறுத்தார்கள் என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள், எடுத்து ஒட்ட அல்ல.

செலவு பெரிதாக ஆகாது. இறக்குமதிப் புத்தகங்களின் விலை சுலபமாக ஆயிரத்தைத் தாண்டும், வாங்க வேண்டாம். ஜெராக்ஸ் பக்கம் இரண்டு ரூபாய் என்று வைத்தாலும் ஜேம்சனின் கட்டுரை 80 ரூபாய்க்குள் முடியும். முழுப் புத்தகத்தையும் நகல் எடுக்காமல், தேவையான பகுதியையும், தலைப்புப் பக்கத்தையும், பதிப்பு விவரம் உள்ள பக்கத்தையும் எடுங்கள். அந்தப் பதிப்பு விவரம் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தால் அடிக்குறிப்புக்காக மறுபடி காலாப்பட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

7. அந்த ஒரு பக்கத்தை எழுதும் முறை

இந்த வரிசை எனக்கு வேலை செய்தது. மாதிரிக்கு:

"பின்நவீனத்துவம் என்பதற்கு எல்லோரும் ஏற்கும் வரையறை இல்லை. இவ்வாய்வு அதை ஒரு காலகட்டமாகக் கொள்ளாமல் புனைகதையின் ஒரு எழுத்துமுறையாகக் கொள்கிறது. லிண்டா ஹட்சியனைப் பின்பற்றி, வரலாற்றைக் கையாளும்போதே அது எழுதப்பட்டது என்பதை வெளிப்படுத்தி, அதன் அதிகாரத்தைக் கேள்விக்கு உட்படுத்தும் புனைவுகளை மட்டும் இச்சொல் குறிக்கும். கதைக்குள் கதை, நேர்கோடற்ற கூறல் ஆகியவை மட்டும் இருப்பதால் ஒரு படைப்பு இதில் அடங்காது."

அதன்பின் அடங்காத ஒரு படைப்பின் பெயரைச் சொல்லி ஏன் அடங்கவில்லை என்று மூன்று வரி. பிறகு ஹேபர்மாஸ் போல ஒருவரின் மறுப்பு, அதற்கு உங்கள் பதில். கடைசியில் தமிழ் விவாதத்திலிருந்து இந்த வரையறை எங்கே விலகுகிறது என்று ஒரு பத்தி. "மட்டும்" என்ற சொல்லுக்குப் பயப்படாதீர்கள். எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் வரையறைதான் மீட்டிங்கில் அடிவாங்கும்.

எழுதியதை இலக்கியம் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் ஆராயும் நாவலின் கதைச்சுருக்கத்தையும் சொல்லி, இது உள்ளே வருமா வராதா என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் பக்கம் தயார்.

8. தட்டச்சு, ஒப்புமைச் சோதனை, காலக்கணக்கு

தொடக்கத்திலிருந்தே யுனிகோடில் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைக் கடைசி நேரத்தில் மாற்றினால் எழுத்துகள் உடையும், சோதனை மென்பொருளும் சரியாகப் படிக்காது.

வெளிநாட்டுப் பெயர்களுக்கு ஒரு எழுத்துக்கூட்டல் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். லியோதார், லியோதார்த், லியோடார்ட் என்று மூன்றும் தமிழில் புழங்குகின்றன. ஒரே ஆய்வேட்டில் மூன்றும் வந்தால் மூன்று ஆட்கள் என்று நினைத்துவிடுவார்கள்.

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2018 விதிப்படி ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு உங்கள் ஆய்வேடு ஒத்துப்போகும் அளவு, 10 சதவீதம் வரை சிக்கல் இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்கத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. வரையறை இயலில்தான் எல்லோரும் ஒரே வாக்கியங்களை எழுதுவதால் அங்கேதான் எண் ஏறும். முறையாக மேற்கோள் காட்டிய பகுதிகள் கணக்கில் வராது என்பதால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும் முக்கியம். கணினி மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்த பத்திகளைத் தவிர்த்துவிடுங்கள். பெருங்கதையாடல் ஒரு பக்கத்தில் "பெரிய கதை" ஆகவும் அடுத்த பக்கத்தில் "மேல்விவரிப்பு" ஆகவும் மாறிக் கிடக்கும்.

முனைவர் பட்டத்துக்கு யுஜிசியின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் ஆறு. வரையறைப் பக்கத்துக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள்: முதல் இரண்டு வாரம் படைப்பு பற்றிய இரண்டு பக்கம், அடுத்த ஒரு மாதம் ஒரு ஆசிரியரும் அவர் மறுப்பாளரும், கடைசி இரண்டு வாரம் எழுதவும் சோதிக்கவும். கோர்ஸ் ஒர்க் நடக்கும்போதே முடித்துவிட்டால் அடுத்த டி.சி. மீட்டிங்கில் வைத்துவிடலாம். மீட்டிங்குக்குப் பத்து நாள் முன்பாகவே பிரதியை நெறியாளரிடம் கொடுங்கள்.

9. மீட்டிங்கிலும் வைவாவிலும்

மூன்று கேள்விகள் பெரும்பாலும் வரும். ஏன் இவரை எடுத்தீர்கள்? படைப்பிலிருந்து பதில் சொல்லுங்கள், அவர் புகழிலிருந்து அல்ல. நம் சமூகத்தில் நவீனமே முழுசாக வரவில்லையே, பின்நவீனத்துவம் எப்படி? காலகட்டமாகக் கொள்ளவில்லை என்று இரண்டாம் படியில் எழுதி வைத்தீர்களே, அந்த வரியைப் படித்துக் காட்டுங்கள். இந்த எழுத்தாளரே தன்னைப் பின்நவீனத்துவவாதி இல்லை என்கிறாரே? எழுத்தாளரின் அடையாளத்தை நான் ஆராயவில்லை, பிரதியில் நடப்பதை ஆராய்கிறேன் என்று சொல்லி, உரிய பக்கத்தைக் காட்டுங்கள்.

லியோதாரின் வரியை யாராவது எச்சரிக்கை இல்லாமல் சொல்லி மறுத்தால் வாதிட வேண்டாம். அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸைக் கொடியிட்டுக் கையில் வைத்திருங்கள், எடுத்து நீட்டுங்கள். திருத்தம் சொன்னால் அங்கேயே எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று கேட்டு எழுதிக்கொண்டு, அன்று மாலையே நெறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி உறுதி செய்யுங்கள். அடுத்த கூட்டத்தில் உறுப்பினர் மாறினாலும் அந்த மின்னஞ்சல் உங்களிடம் இருக்கும்.